கையில பி.பி. மெஷின், தோள்ல லாவண்டர் புடவை

போன மாசம் ஒரு திங்கக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. இடது கையில பி.பி. மெஷினைக் கட்டிக்கினு ஒரு நாள் பூரா எப்பவும்போல இருக்கணும். அவ்ளோதான்.

எப்பவும்போல இருக்கறதுல என்னா கஷ்டம்னு கேக்கறீங்களா? நானும் அப்படித்தான் நினைச்சேன்.

நான் காஞ்சிபுரம் காந்தி ரோட்டுல ஒரு பட்டுப் புடவைக் கடையில சேல்ஸ்மேன். வாய்தான் எனக்குப் பொழப்பு. வயசு நாப்பத்தெட்டு. தலைவலி கிடையாது, மயக்கம் கிடையாது. ஆனா டாக்டரம்மா மட்டும் எப்போ பாத்தாலும், "பி.பி. ஜாஸ்தியா இருக்குது பாஸ்கர்"னுவாங்க.

"உங்க ரூமுக்குள்ள வந்தாலே படபடன்னு வருது மேடம். வெளியில நான் நார்மல்."

"சில பேருக்கு அப்படி ஏறும். சரி, வெளியிலயே பாத்துடலாம்"னு சொல்லி, மேல்கையில ஒரு பட்டையைச் சுத்துனாங்க. அதுலருந்து ஒரு டியூப். டியூப் முனையில பெல்ட்டுல மாட்டற ஒரு சின்ன டப்பா.

"அரை மணிக்கு ஒரு தடவை தானா பம்ப் அடிக்கும். அப்போ கையை ஆட்டாம தொங்கவிட்டு நில்லுங்க. பேசக் கூடாது. ஆடினா சரியா அளக்காது, ரெண்டு நிமிஷத்துல மறுபடியும் அடிக்கும். அந்தந்த நேரம் என்ன பண்ணீங்கன்னு இந்தத் தாள்ல எழுதிக்கிட்டு வாங்க."

எனக்கு இது பரீட்சை மாதிரி ஆயிடுச்சு. நல்ல மார்க் வாங்கிட்டா மாத்திரை இல்லாம தப்பிச்சுடலாம் இல்ல? பிள்ளையார்பாளையத்துல இருக்கற வீட்டுக்கு வந்த உடனே சம்மணம் போட்டு கண்ணை மூடிட்டேன்.

என் வீட்டுக்காரி சாந்தி எட்டிப் பாத்தா. "எப்பவும்போல இருக்கத்தானே சொன்னாங்க? நீங்க எந்தக் காலத்துல தியானம் பண்ணீங்க? கிளம்புங்க, கடைக்கு நேரமாச்சு."

கிளம்பினேன்.

மூங்கில் மண்டபம் தாண்டறேன், "கிர்ர்ர்ர்"னு சத்தம். கையை யாரோ முறுக்கிப் பிழியற மாதிரி இருக்குது. பைக்கை ஓரம் கட்டி, இறங்கி, இடது கையைத் தொங்கவிட்டு, மூச்சு விடாம நின்னேன். முழுக்கைச் சட்டை போட்டிருந்தேன். பட்டை வெளியில தெரியல.

ஆட்டோக்காரர் ஒருத்தர் பாத்துட்டாரு. "இன்னா சார், இன்னா ஆச்சு?"

நான் பேசக் கூடாது. அவரையே பாத்தேன்.

"யோவ், இங்க வாங்கபா! இவருக்குப் பேச்சு வரல! இடது கை வேற தொங்குது!"

அவ்ளோதான். கூட்டம் கூடிடுச்சு. ஒருத்தர் என் முதுகைத் தேய்க்கறாரு. ஒருத்தர் பேப்பரால விசிறறாரு. ஆட்டோக்காரர் என் கையைப் பிடிச்சு உலுக்கறாரு.

மெஷின் "பீப்"னு நின்னுது. எனக்கு வாய் வந்துது.

"ஐயோ, ஒண்ணும் இல்லபா! பி.பி. அளக்கற மெஷின்! பாருங்க, டப்பா!"

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். கையை உலுக்கினதுல அளவு தப்பிப்போச்சுன்னு எனக்கு அப்போ உறைக்கல.

ரெண்டு நிமிஷம். மறுபடியும் "கிர்ர்ர்ர்"!

நான் பட்டுனு பேச்சை நிறுத்தி, கையைத் தொங்கவிட்டேன்.

"திரும்பவும் வந்துடுச்சுபா!"ன்னு கத்தினாரு ஆட்டோக்காரர்.

பக்கத்துல சோடாக் கடை வச்சிருந்த அம்மா இந்தத் தடவை யாரையும் எதுவும் கேக்கல. எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு, ரெண்டு ஸ்பூன் உப்பை அள்ளிப் போட்டு, ஒரு கையால என் தாடையைப் பிடிச்சு, மறு கையால ஊத்திட்டாங்க. "முழுங்குபா, முழுங்கு! உப்பு உள்ள போனா தெளிஞ்சுடும்!"

உப்பைக் குறைன்னு டாக்டரம்மா ஒரு வருஷமா தொண்டை கிழிய சொல்றாங்க. அந்தம்மா அரை நிமிஷத்துல ஒரு வார உப்பை ஏத்திட்டாங்க.

தாள்ல எழுதினேன்: "ஒன்பதரை மணி. நின்றேன். பிறகு உப்பு சோடா குடிக்க வைக்கப்பட்டேன்."

கடைக்குப் போனா, முகூர்த்த சீசன். ஒரு கல்யாணப் பார்ட்டி, பன்னெண்டு பேரு, பாயில வட்டமா உக்காந்திருக்காங்க. பொண்ணுக்கு லாவண்டர் கலர் பிடிச்சிருக்குது. பெரியம்மாவுக்கு அரக்குதான் வேணும். மத்த பத்து பேரு பெரியம்மா முகத்தைப் பாத்துட்டு அரக்குன்னு சொல்றாங்க.

ரெண்டு மணி நேரம்! நடுவுல ரெண்டு மூணு தடவை மெஷின் அடிச்சுது. புடவை எடுத்துக்கினு வரேன்னு சொல்லி அலமாரிக்குப் பின்னால ஒளிஞ்சு சமாளிச்சேன்.

கடைசியா பெரியம்மா, "சரி, அந்த லாவண்டரை ஒரு தடவை உடுத்தினா எப்படி இருக்கும்னு காட்டுப்பா"ன்னாங்க.

எங்க தொழில்ல இது சகஜம். சட்டை மேலயே கொசுவம் மடிச்சுச் சொருகி, முந்தியைத் தோள்ல போட்டு, கண்ணாடி முன்னால நின்னேன். நிஜமாவே எடுப்பா இருந்துது.

"கிர்ர்ர்ர்."

அப்படியே நின்னுட்டேன்.

"நீயே சொல்லுபா. எத்தினி வருஷமா புடவை பாக்கற? கல்யாணப் பொண்ணுக்கு இது எடுக்கலாமா?"ன்னாங்க பெரியம்மா.

நான் பேசல.

"உன்னத்தான் கேக்கறேன்!"

பேசல.

பெரியம்மா சனங்க பக்கம் திரும்பினாங்க. "பாத்தீங்களா? விக்கறவருக்கே நல்லா இருக்குதுன்னு சொல்ல வாய் வரல!"

இதுக்கு நடுவுல வேற யாரோ ஒரு அம்மா உள்ள வந்தாங்க. நேரா என்கிட்ட வந்து, முந்தியைத் தடவி, புரட்டி, விலைச்சீட்டு எங்க இருக்குதுன்னு என் தோள்ல தேடினாங்க. நான் கண்ணைச் சிமிட்டினேன். அலறிட்டாங்க பாவம். என்னைப் பொம்மைன்னு நினைச்சுட்டாங்க!

முதலாளி கல்லாவுலருந்து ஓடி வந்தாரு. "இன்னாப்பா பாஸ்கரு! அந்தம்மா கேக்கறாங்க இல்ல? வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க?"

நான் வலது கையால டப்பாவைக் காட்டினேன். ஆடிட்டேன். பீப்! போச்சு. ரெண்டு நிமிஷத்துல திரும்ப அடிக்கும்.

அதுவரைக்கும் வாயே திறக்காம இருந்த கல்யாணப் பொண்ணு எழுந்து வந்து டப்பாவை உத்துப் பாத்துது. "அண்ணே, இது ஒரு நாள் பூரா பி.பி. எடுக்கற மெஷின்தானே? நான் நர்ஸுண்ணே. எங்க வார்டுல கட்டுவோம்."

எனக்கு அழுகையே வந்துடுச்சு. "ஆமாம்மா. இப்போ திரும்பவும் அடிக்கும்."

பொண்ணு எல்லாரையும் பாத்துச்சு. "ஒரு நிமிஷம் யாரும் சத்தம் போடக் கூடாது. பெரியம்மா, முக்கியமா நீங்க. அவருக்கு டென்ஷன் ஆனா பி.பி. ஏறிடும்."

"கிர்ர்ர்ர்."

முகூர்த்த சீசன்ல எங்க கடை இவ்ளோ அமைதியா இருந்து நான் பாத்ததே இல்ல. முதலாளி கூட வாயைப் பொத்திக்கினாரு.

அந்த அமைதியில பொண்ணு மட்டும் மெதுவா, தெளிவா பேசுச்சு.

"எனக்கு இந்த லாவண்டர்தான் வேணும் பெரியம்மா."

பெரியம்மா வாயைத் திறந்தாங்க.

"உஷ்! அளந்துக்கினு இருக்குது." வாய் மூடிடுச்சு. "மூணு மாசமா சொல்லிக்கினு இருக்கேன். யாரும் காதுல வாங்கல. கட்டப்போறது நான்தானே? இதைத்தான் எடுக்கறேன்."

புஸ்ஸ்னு காத்து இறங்கிச்சு.

"முடிஞ்சுதாண்ணே? அப்போ பில்லு போடச் சொல்லுங்க."

பெரியம்மா என்னைப் பாத்த பார்வையில பி.பி. ஏறினது மெஷின் அளக்காமலே எனக்குத் தெரிஞ்சுது.

மறுநாள் காலையில சாந்தியும் நானும் டாக்டரம்மாகிட்ட போனோம். என் தாளைப் படிச்சுட்டு அவங்க ரொம்ப நேரம் சிரிச்சாங்க. அப்புறம் கம்ப்யூட்டரைப் பாத்தாங்க. சிரிப்பு நின்னுடுச்சு.

"ரோட்டுல, கடையில ஏறினதை விடுங்க. அங்க யாருக்கா இருந்தாலும் கொஞ்சம் ஏறும். வீட்டுல சும்மா உக்காந்திருந்தப்பவும் ஜாஸ்தி. தூங்கறப்போ இறங்கணும் பாஸ்கர். உங்களுக்கு இறங்கவே இல்ல."

"எனக்கு ஒண்ணுமே தெரியலையே மேடம்?"

"பி.பி. வலிக்காது. அதான் அதுல பிரச்சினை."

சாந்தி என் கையைப் பிடிச்சா. ரெண்டு பேருக்கும் எங்க அப்பா ஞாபகம். அவரும் எனக்கு ஒண்ணும் இல்லன்னுதான் சொல்லிக்கினு இருந்தாரு. ஒரு நாள் காலையில எழுந்திருக்கறாரு, ஒரு பக்கம் கை கால் வரல.

"எழுதிக் குடுங்க மேடம். சாப்பிடறேன்"னேன்.

தினம் ஒரு மாத்திரை. அரை மணி நேரம் நடை. நேரத்துக்குத் தூக்கம்.

"கடையில நாள் பூரா நின்னுக்கினுதானே மேடம் இருக்கேன்?"

"நிக்கறது நடக்கறது ஆகாது. மத்தியானம் என்ன சாப்பாடு?"

"வெறும் தயிர் சோறு மேடம்"னேன் பெருமையா.

"தொட்டுக்க?"

"ஊறுகாய்." எழுதினாங்க. "அப்பளம்." எழுதினாங்க. "மோர் மிளகா." பேனாவைக் கீழ வச்சுட்டாங்க. "இதுக்கு அந்த சோடாவே தேவலாம். முதல்ல ஊறுகாயை நிறுத்துங்க."

ஒரு மாசம் ஆச்சு. தினம் காலையில சர்வதீர்த்தக் குளத்தைச் சுத்தி நடக்கறேன். சாந்தி வீட்டுல எல்லாருக்கும் உப்பைப் பாதியாக்கிட்டா. முதல் வாரம் சாம்பார் வெந்நீர் மாதிரி இருந்துது, இப்போ நாக்கு பழகிடுச்சு. மாத்திரையை ஒரு நாள் கூட விடல.

நேத்திக்கு டாக்டரம்மா அளந்தாங்க. "வெரி குட் பாஸ்கர். நல்லா இறங்கியிருக்குது."

எனக்குத் தலைகால் புரியல. "அப்போ நிறுத்திடலாமா மேடம்?"னு கேட்டேன், மாத்திரையை மனசுல வச்சு.

அவங்க கண்ணாடியைக் கழட்டிட்டு என்னைப் பாத்தாங்க.

"இன்னுமா ஊறுகாயை நிறுத்தல?"