வேலியில் தொங்கிய பேணி

ஊருக்கு உபதேசம் செய்யப் போகிறவர்கள் முதலில் தங்கள் வீட்டு வேலியை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. நான் பார்க்கவில்லை. பட்டேன்.

தொண்ணூறுகளின் பின்பாதி. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வன்னியில் ஸ்கந்தபுரத்தில் இருந்தோம். மரநிழலில் நடந்த பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்புக்கு நான் தொண்டர் ஆசிரியை. வயது இருபத்தொன்று. (உலகத்தைத் திருத்த அது போதுமென்று நினைப்பு!) அன்று என் பாடத்தைப் பார்க்கக் கல்வி அதிகாரி வருகிறார். அவர் நல்லபடி எழுதினால்தான் வேலை நிரந்தரமாகும்.

பாடம்: 'எல்லாரும் சமம்.' வீட்டிலும் முற்றத்திலும் கண்ணில் பட்ட தண்ணீர்ப் பேணிகளையெல்லாம் காலையில் அவசர அவசரமாகப் பைக்குள் அள்ளினேன். பித்தளை, எவர்சில்வர், அலுமினியம் என்று பேணிகள் பலவிதம், உள்ளே தண்ணீர் ஒன்று. என்ன அருமையான யோசனை! பேணிகள் தொலைந்துவிடும் என்று அம்மாவும் காவலுக்கு வந்து, அதிகாரிக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்துகொண்டார்.

பிள்ளைகள் குடித்தார்கள். அதிகாரி தலையாட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"பெரியாக்களும் குடிக்கலாம்" என்று, மிஞ்சியிருந்த நெளிந்த அலுமினியப் பேணியை அம்மாவிடம் நீட்டினேன். நல்ல வெயில். அம்மா வாய் வைத்து ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

செல்வி துள்ளி எழுந்தாள். எங்கள் கச்சான் கடலைத் தோட்டத்தில் களை பிடுங்க வரும் லெட்சுமியின் மகள். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம்.

"டீச்சர், அது எங்கம்மா பேணி! உங்க வீட்டு வேலியில தொங்குமே!"

முகம் நிறையப் பெருமை.

"ஏன் பிள்ளை வேலியில தொங்குது?" என்றார் அதிகாரி.

"மத்தப் பேணியோட சேரக்கூடாதாம் சார். டீச்சர் தள்ளி நின்னு தேத்தண்ணி ஊத்துவாங்க. எங்கம்மா குடிச்சிட்டுக் கழுவி மாட்டிருவாங்க."

"ஐயோ, நான் வாய் வைச்செல்லோ குடிச்சுப் போட்டன்!" என்று அலறினார் அம்மா. கொஞ்சநஞ்சம் மிஞ்சியிருந்த மானமும் அதோடு போயிற்று. பூமி பிளந்து என்னை விழுங்கவில்லை. (வன்னி மண் இறுக்கமானது.)

உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. தினமும் அந்தப் பேணியில் தேநீர் ஊற்றியவள் நான்தான். ஒருநாள்கூட ஏன் என்று கேட்டதில்லை.

அதிகாரி குறிப்பேட்டில் எழுதினார்: 'கற்பித்தல் உபகரணம் மிகப் பொருத்தம்.' வேலை நிரந்தரமாக மேலும் இரண்டு வருடம் பிடித்தது.

மறுநாள் லெட்சுமியக்கா (அன்றிலிருந்துதான் எனக்கு அவர் அக்கா) வேலிப்பக்கம் போகாமல் நேரே குசினி வாசலுக்கு வந்தார்.

"என் பேணியில நீங்க குடிச்சீங்களாமே அம்மா. அப்ப இன்னைக்கு உங்க பேணியில எனக்குக் குடுங்க."

அம்மா தன் எவர்சில்வர் பேணியை எடுத்துத் தேநீரை ஊற்றி, கையில் கொடுத்தார்.

இன்றைக்கும் நான் வீட்டில் நீதி நியாயம் என்று வாய் திறந்தால் போதும், மகள் குசினிக்குள் ஓடிப்போய் ஒரு பேணியைக் கொண்டுவந்து என் முன்னால் வைப்பாள்.

"இப்ப சொல்லுங்கோ அம்மா. உபகரணம் இல்லாமல் எப்பிடிப் படிப்பிக்கிறது?"