நாற்பதுக்குக் கீழே

"வயது?" என்று கேட்டார் ஊர்மிளா டீச்சர்.

"முப்பத்தொம்பது" என்றார் பொன்னையா.

டீச்சர் பேனாவை நிறுத்திவிட்டு அவருடைய நரைத்த மீசையைப் பார்த்தார். யாழ்ப்பாணத்திலிருந்து அக்கரப்பத்தனைக்கு மாற்றலாகி வந்தவர். தேயிலைத் தோட்டங்களுக்கிடையிலான பேஸ்போல் போட்டிக்கு அவர்தான் பெயர் பதிந்தார்.

"நாற்பதுக்கு மேல ஆக்களுக்கு ஞாயிற்றுக்கிழமை இங்கதானே ஆட்டம் அண்ணை. உங்கட சொந்த மைதானம். நாற்பதுக்குக் கீழ எண்டால் அதே நாள் நோட்டன் பிரிட்ஜுக்கு லொறியில போக வேணும்."

"போறேன் டீச்சர். முப்பத்தொம்பதுன்னே போடுங்க."

உண்மையில் நாற்பத்தாறு. நோட்டன் பிரிட்ஜில்தான் அவர் மகள் ஜெயந்தினி இருந்தாள். இரண்டு வருடங்களுக்கு முன் அவர் சொல்லை மீறி சுமனைக் கட்டிக்கொண்டு போனவள். "ஒன்னையத் தேடி அந்த ஊர்ப்பக்கம் வரவே மாட்டேன்" என்று அன்று லயத்து வரிசை வீடுகளெல்லாம் கேட்கக் கத்தியிருந்தார். அதன் பிறகு ஹட்டன் பஸ் நிலையத்தில் நோட்டன் பஸ்ஸைக் கண்டால், "அங்கிட்டு மழையா?" என்று மட்டும் கண்டக்டரிடம் கேட்பார். மழை என்றால் அன்று முழுவதும் ஏனோ குளிரும்.

பேஸ்போல் விளையாடப் போவது வேறு. அது மகளைத் தேடிப் போவதாகாது.

"அடையாள அட்டைப் பிரதி கொண்டு வாங்கோ" என்றார் டீச்சர்.

அட்டை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த வருடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அவருடையது 79. பிரதியில் 7ஐப் பேனாவால் 8 ஆக்கினார். அதை வேறெந்த இலக்கமாகவும் ஆக்க முடியவில்லை.

"அப்ப முப்பத்தாறு வருதே! முந்தாநாள் முப்பத்தொன்பது எண்டீங்கள்?"

"கணக்குல நான் வீக்கு டீச்சர்."

முப்பத்தாறுக்கு அந்த மீசை பொருந்தவில்லை. சாயம் பூசினார். மீசை கறுத்ததும், "எளந்தாரிதானே, ஓடட்டும்" என்று அணிப் பையன்கள் மைதானத்தைச் சுற்றி ஐந்து ரவுண்டு ஓடவிட்டார்கள். மூன்றாவது ரவுண்டில் புல்லில் மல்லாந்து படுத்துவிட்டார்.

"என்னண்ணே?"

"மேகத்தப் பாக்குறேன்."

மறுநாள் காலை, வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் வயதோடு அணிப் பட்டியல் ஒட்டியிருந்தது. கூடப் பிறந்த தம்பி ஆண்டியப்பன் அதை நிதானமாகப் படித்துவிட்டுப் பொன்னையா பக்கம் திரும்பினான். அவனுக்கு நாற்பத்திரண்டு.

"என்னடா தம்பி, சாப்பிட்டியா?"

"யாரப் பாத்துடா 'டா'ங்குற?"

"பேப்பர்ல நான்தான் ஆறு வயசு மூத்தவன். அண்ணேன்னு கூப்பிடு. இல்லாட்டி டீச்சர்கிட்ட போறேன்."

களமே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

"சாப்பிட்டேங்க... அண்ணே."

கொழுந்துக் கூடையோடு நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. ஆண்டியப்பன் மட்டும் சிரிக்காமல் அருகில் வந்தான். "பேசாம அந்தப் புள்ளைக்கு ஒரு போனப் போடேன்."

"பேஸ்போலுக்கு எதுக்குடா போனு?"

ஞாயிற்றுக்கிழமை நோட்டன் பிரிட்ஜில் தூறிக்கொண்டிருந்தது. பொன்னையா மட்டையோடு போய் நின்றார். மைதானத்தைச் சுற்றிக் குடைகள். சிவப்புக் குடைக்குக் கீழே இல்லை. பூப்போட்ட குடைக்குக் கீழேயும் இல்லை. முதல் பந்து போயிற்று. நீலக் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இரண்டாவதும் போயிற்று.

"பந்தப் பாருண்ணே, சனத்தப் பாக்காத!"

மூன்றாவது பந்து தானாகவே மட்டையில் வந்து பட்டது. நாற்பத்தாறு வயதையும் தூக்கிக்கொண்டு ஓடினார். முதல் பேஸில் விழுந்தடித்து வந்து நின்று நிமிர்ந்தால், அதைக் காத்துக்கொண்டு எதிரணிக்காரனாக நின்றவன் சுமன்.

சுமன் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினான். "மாமா, மீச வடியுது."

"அது மழ."

"கறுப்பு மழையா மாமா?"

பொன்னையா கைக்குட்டையை வாங்கி முகத்தைத் துடைத்தார். அதில் வந்த சவர்க்கார வாசனை, இரண்டு வருடங்களுக்கு முன் அவர் சட்டைகளிலும் இருந்தது. கைக்குட்டையை முகத்திலிருந்து எடுக்காமலே கேட்டார்.

"வூட்டுல... யாரும் ஆட்டம் பாக்க வரலையா?"

சுமன் அவரையே பார்த்தான்.

"ஐயோ மாமா, அவ விடிய மொத பஸ்ஸிலயே அக்கரப்பத்தனைக்குப் போயிட்டாளே, நாப்பதுக்கு மேல உள்ளவங்க ஆட்டத்துல அப்பாவத் தூரத்துல நின்னாவது பாத்துட்டு வாறேன்னு!"