கைப்பிடிக்கு முன் செய்ய வேண்டியவை

மனித குலம் இதுவரை செய்து முடித்த காரியங்களில் தலையாயது, என் அத்தான் தன் வீட்டுப் பட்டறையில் திருகாணிகளுக்கென்று செய்த நாற்பத்தெட்டு இழுப்பறை அலமாரி. இதில் எனக்கு ஐயமே இல்லை. மற்ற விஷயங்களில் உண்டு. பட்டறை வட்டத்தின் செயலாளர் என்ற முறையில் எட்டு மாதக் கூட்டக் குறிப்புகள் என்னிடம் இருக்கின்றன. அலமாரியின் அகலம், ஆழம், பலகையின் தடிமன் எல்லாம் மில்லிமீட்டர் சுத்தமாக அதில் உண்டு. குறிப்பேட்டில் இல்லாதவற்றை ஞாபகத்திலிருந்துதான் சொல்லியாக வேண்டும், என் ஞாபகமோ அவ்வளவு நம்பத்தக்கதல்ல. என் கூடப்பிறந்த அக்காவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது இடது முழங்காலிலா வலது முழங்காலிலா என்று கேட்டால்கூடக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இடது என்றே வைத்துக்கொள்வோம்.

அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவள். அத்தான் ஓர் அலுவலகத்தில் பதிவேடுகளைக் கட்டிக் காத்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளே அவர் வீட்டின் கீழ்த்தளத்தைக் கையகப்படுத்திவிட்டார். கூடம் 'இயந்திரப் பிரிவு' ஆயிற்று. படுக்கையறை 'மர உலர்த்தகம்' ஆயிற்று. சமையலறை மட்டும் பழைய பெயரோடு தப்பித்தது, அதிலும் பாதி வார்னிஷ் டப்பாக்கள். மனிதர்கள் மாடிக்குக் குடிபெயர்ந்தார்கள்.

மாடிக்குப் போக வெளிச்சுவரை ஒட்டிப் பதினேழு படிகள். ஓர் ஆள் போகிற அகலம், கைப்பிடி கிடையாது. அறுவை சிகிச்சை முடிந்த அக்காவை மருத்துவமனை ஆட்கள் இருவர் நாற்காலியோடு முன்னும் பின்னும் தூக்கிக்கொண்டு போய் மேலே வைத்தார்கள். ஆறு வாரத்தில் நடக்கலாம், ஆனால் கைப்பிடி இல்லாத படியில் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடம் எட்டு மாதம் விடுப்பு கொடுத்தது. அந்த எட்டு மாதம் முடிகிற திங்கட்கிழமை அவள் நேரில் வந்து கையெழுத்துப் போடாவிட்டால், இருபத்திரண்டு வருட வேலை இன்னொருவருக்குப் போய்விடும்.

ஆக, தேவைப்பட்டது ஒரு கைப்பிடி. இருந்தது எட்டு மாதம். வீட்டிலேயே ஒரு பட்டறை. இதைவிட யோகம் யாருக்கு வாய்க்கும்?

முதல் வாரமே அக்கா ஒரு யோசனை சொன்னாள். எதிர்வீட்டில் கடையிலிருந்து ஆள் வந்து ஒரே நாளில் கைப்பிடி மாட்டிவிட்டுப் போனார்களாம், நாமும் அப்படியே செய்துகொண்டால் என்ன என்று. அத்தானின் முகம் சுருங்கிவிட்டது.

"உன் கை பிடிக்கப் போறது. அதுக்குப் போய்க் கடைச் சாமானா?" என்றார்.

இதை அவர் மனதாரச் சொன்னார். மூன்று வேளையும் தட்டோடு பதினேழு படி ஏறி இறங்கியவர் அவர்தான் என்பதையும் நான் மறைக்கப் போவதில்லை. அக்கா யோசனையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். இப்படி ஒருவர் சொன்ன பிறகு என்ன பேசுவது?

வட்டம் உடனே கூடியது. தலைவர் அத்தான். உறுப்பினர்கள் இருவர்: தெருக்கோடியில் பல் பார்க்கும் டாக்டர், அடுத்த வீட்டில் இருக்கும் முன்னாள் பஸ் டிரைவர். செயலாளர் நான். 'கைப்பிடியை உடனடியாகச் செய்வது' என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. உடனடியாகச் செய்வதற்கு முன்னால் செய்ய வேண்டியவை என்னென்ன என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராய்ந்தோம்.

கைப்பிடிக்குக் கீழே சட்டங்கள் வேண்டும். எல்லாச் சட்டங்களும் ஒரே சாய்வில் அறுபட வேண்டும். அதற்கு ஒரு ஜிக் வேண்டும். ஜிக் என்பது, அறுக்கும்போது மரம் அசையாமல், அளவு பிசகாமல் பிடித்துக்கொள்ள நாமே செய்துகொள்ளும் ஓர் அச்சு. நல்ல ஜிக் செய்ய அதற்கு முன்னால் இன்னொரு ஜிக் வேண்டும் என்பது விஷயம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள்தான் நேரே மரத்தில் ரம்பத்தை வைத்துவிடுகிறார்கள்.

முதல் ஜிக்கைத் தொடங்கும்போது ஓர் உளி அகப்படவில்லை. கால் மணி நேரம் தேடினோம். தேடிய நேரத்தை அத்தான் கணக்கிட்டு, வருடத்துக்கு இவ்வளவு என்று பெருக்கிக் காட்டியதும் எங்களுக்கு வேர்த்துவிட்டது. 'கருவிகளுக்கு இடம், பிறகே மரத்துக்குக் கருவி' என்று தீர்மானமாயிற்று. அப்படிப் பிறந்ததுதான் நான் மேலே சொன்ன அலமாரி. அதன் நாற்பத்தெட்டு இழுப்பறைகளுக்கும் நாற்பத்தெட்டு கைப்பிடிகள் செய்துவிட்டதை அக்கா மாடி ஜன்னலிலிருந்து ஒருமுறை சொல்லிக்காட்டினாள். அது வேறு வகைக் கைப்பிடி என்று டாக்டர் கீழேயிருந்து பொறுமையாக விளக்கினார்.

அலமாரிக்குப் பிறகு சுவர்ப்பலகை. இழைப்புளி, சுத்தியல், மூலைமட்டம் என்று ஒவ்வொன்றும் தொங்க வேண்டிய இடத்தில் அதன் உருவத்தை அத்தான் கறுப்பு மையில் வரைந்தார். கருவி இல்லாவிட்டால் அந்த வெற்று உருவம் பல்லை இளிக்கும். பார்க்கவே சங்கடமாக இருந்தது. எனவே கூட்ட நாளில் எந்தக் கருவியையும் சுவரிலிருந்து எடுப்பதில்லை என்று விதி செய்தோம். மற்ற நாட்களில் எடுத்து என்ன, திரும்ப மாட்டத்தானே வேண்டும் என்று அந்த விதி மெல்ல மற்ற நாட்களுக்கும் பரவியது.

நான்கு மாதம் போயிற்று. அக்கா மேலே நடக்கத் தொடங்கி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. கூட்டம் நடக்கும்போது தலைக்கு மேல் காலடிச் சத்தம் கேட்கும். அறையின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர், பிறகு திரும்பி வரும். டாக்டர் பேசி முடித்துவிட்ட இடைவெளிகளில் அது நன்றாகவே கேட்டது.

ஐந்தாம் மாதம் அத்தான் படிகளை அளந்தார். அன்று அவர் பட்டறைக்குள் வந்த கோலத்தை மறக்க முடியாது. பதினேழு படிகளில் எந்த இரண்டும் ஒரே உயரமில்லை. கட்டிய கொத்தனார் கண்ணளவில் கட்டியிருக்கிறார். சுவர்ப்பலகைக்கு முன்பே செய்து முடித்திருந்த ஜிக்கோ ஒரே சாய்வுதான் அறியும். ஜிக் சரியா, படிக்கட்டு சரியா என்று மூன்று கூட்டங்கள் விவாதித்தோம். ஜிக்கை மாற்றலாமே என்று டிரைவர் கேட்டுவிட்டார். அதன்பின் அவருக்குப் பேச வாய்ப்பு குறைவாகவே கிடைத்தது. படிக்கட்டு 'தகுதியற்றது' என்று முடிவாயிற்று.

தகுதியுள்ள ஒரு படிக்கட்டு அவசரமாகத் தேவைப்பட்டது. சுவர் விதியை இதற்கென்று மட்டும் தளர்த்தி, கூடத்தின் நடுவில், மரத்திலேயே, ஒவ்வொரு படியும் மயிரிழை பிசகாமல், முழு அளவில் ஒரு மாதிரிப் படிக்கட்டை எழுப்பினோம். ஒன்பது படிகள். அதற்கு மேல் கூரை இடித்தது. ஒன்பதாவது படியில் தலையைக் குனிந்தே நிற்க வேண்டும். மனிதனுக்கு அவ்வப்போது அது தேவைதான்.

"இதுல ஏறினா எங்க போய்ச் சேரும்?" என்று டிரைவர் கேட்டார்.

"எங்கயும் போகாது. அதான் இதோட சிறப்பே," என்றார் அத்தான். "எங்கயாவது போற படின்னா ஆள் நடந்து நடந்து அளவு கெட்டுப்போகும்."

அதில் கைப்பிடி பொருத்தி முடித்தபோது ஏழு மாதம், மூன்று வாரம், ஆறு நாள் ஆகியிருந்தது. மறுநாள் திங்கட்கிழமை. ஞாயிறு மாலை திறப்பு விழா. ரிப்பனுக்குப் பதில் அளவு நாடாவை இழுத்துக் கட்டியிருந்தோம். வெட்ட மனம் வராததால் பொத்தானை அழுத்திச் சுருள விட்டோம். டாக்டர் வாழ்த்துரை வழங்கிக்கொண்டிருந்தார். அப்போது வெளியே மூட்டையை இறக்கி வைப்பது போல ஒரு சத்தம். சற்று இடைவெளி விட்டு மறுபடியும். டாக்டர் உரையை நிறுத்தவில்லை, நாங்களும் திரும்பிப் பார்க்கவில்லை. எத்தனை முறை கேட்டது என்று யாரும் எண்ணவில்லை. பதினேழாக இருந்திருக்க வேண்டும்.

அக்கா வாசலில் நின்றாள். ஒரு கை நிலையைப் பிடித்திருந்தது. சேலையின் பின்பக்கமெல்லாம் சிமெண்டுத் தூசி.

"எப்படி வந்த?" என்றார் அத்தான்.

"உக்காந்து உக்காந்து."

நாளைக்கு வேலைக்குப் போக வேண்டும், தினமும் இப்படி வர முடியாது, அந்தக் கைப்பிடியைக் கழற்றி இப்போதே வெளியே மாட்டுங்கள் என்றாள். அத்தான் தடுமாறிப்போனார். கழற்றினால் இந்த மூல மாதிரி கெட்டுவிடும், மாட்டினாலும் அந்தப் படிகளுக்கு இது பொருந்தாது, முதலில் படிக்கட்டை இடித்துச் சரியாகக் கட்டியாக வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் சொன்ன எதுவும் பொய்யில்லை.

அக்கா கூடத்துக்குள் வந்து கைப்பிடியைப் பிடித்தாள். ஒருமுறை பலமாக ஆட்டிப் பார்த்தாள். அது அசையவில்லை.

"கல்லு மாதிரி நிக்குது. நல்லா செஞ்சிருக்கீங்க," என்றாள்.

அதில் குத்தல் எதுவும் இல்லை. அத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீ இதுல எத்தனை தடவை ஏறின?"

"பதினாலு தடவைக்கா. குறிப்புல இருக்கு."

"மாடிக்கு?"

குறிப்பேட்டைப் புரட்டினேன். புரட்டிப் பார்க்க அதில் எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கடைசிப் பக்கம்வரை புரட்டினேன். அவள் காத்திருந்து பார்த்துவிட்டு, டிரைவரிடம் ஒரு வண்டி பிடித்துத் தரச் சொன்னாள்.

அக்கா திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டாள். பள்ளிக்கூடத்துக்கு எதிரே கீழ்த்தளத்தில் ஓர் அறையில் இருக்கிறாள், திரும்பி வரவில்லை. அத்தான் சனிக்கிழமைகளில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். டிரைவர் வட்டத்திலிருந்து விலகிவிட்டார். டாக்டர் இப்போது துணைத் தலைவர். மாடி காலியாகிவிட்டதால் உபரிப் பலகைகளையும் ஜிக்குகளையும் அங்கே வைக்கலாம் என்று முடிவு செய்தோம். பலகையைச் சுமந்துகொண்டு பிடிமானமில்லாத படியில் ஏறினால் யாருக்காவது காலில் அடிபட்டுவிடும் என்று டாக்டர் எச்சரித்தார். கடையிலிருந்து ஆள் வந்து, ஒரே காலைப் பொழுதில், பதினேழு படிகளுக்கும் இரும்புக் கைப்பிடி மாட்டிவிட்டுப் போனார். அந்தத் தீர்மானத்தை வழிமொழிந்தவன் நான்.