கறைபடாத ஓடு

ஒரு காட்டில், சிங்கத்தின் தர்பார் கலைந்து கோர்ட்டு வந்த புதிதில், அடக்கமுத்து என்றோர் ஆமை முன்சீப்பாக வந்து சேர்ந்தார். ஆமையும் அமீனாவும் புகுந்த வீடு விளங்காது என்பார்கள். கோர்ட்டுக்குள்ளேயே ஆமை புகுந்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

முதல் நாள், முதல் வழக்கு. டவாலி வேலை பார்த்த ஆட்காட்டிக் குருவி வாசலில் நின்று, "சீரங்காயீ! சீரங்காயீ! சீரங்காயீ!" என்று கத்தியது. சீரங்காயி என்கிற முள்ளம்பன்றி உள்ளே வந்து கும்பிட்டாள்.

"சாமி, நான் தோண்டின வளை. இரை தேடிட்டு வர்றதுக்குள்ள இந்த உடும்பு புகுந்துக்கிச்சு. மழைக்கு முன்னாடி நான் குட்டி போடணும். காலி பண்ணச் சொல்லுங்க."

உடும்பு பல்லைக் குத்திக்கொண்டே, "வளை மேல இவ பேரு எழுதியிருக்கா?" என்றது.

அடக்கமுத்து அதை உற்றுப் பார்த்தார். "உன்னை எங்கேயோ பார்த்திருக்கிறேனே."

"ஒரே குளத்துல தண்ணி குடிச்சவங்கதானே சாமி."

"அடடா! தெரிந்தவன் வழக்கை நான் விசாரித்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே. விலகிக்கொள்கிறேன்."

தலை, வால், கால் எல்லாம் ஓட்டுக்குள் போயின.

காடே அசந்துபோனது. "என்ன நேர்மை!" என்றது கொக்கு, வாயிலிருந்த திருட்டு மீனை விழுங்கிவிட்டு.

அடுத்து நரியின் வழக்கு. நரியின் மாமனாரை அவருக்குத் தெரியும், விலகினார். அணிலின் வழக்கு. அணில் குடியிருந்த மரத்து நிழலில் ஒருமுறை இளைப்பாறியிருக்கிறார், அதிலும் விலகினார். தீர்ப்பே சொல்லாதவரின் தீர்ப்பை எந்த மேல்கோர்ட்டு தள்ளுபடி செய்யும்? கரடி நீதிபதி பாவம், ராப்பகலாகத் தீர்ப்பு எழுதியது. அதில் பாதி மேலே போய் அடிபட்டது. இவர் பேரில் ஒரு கீறல் இல்லை. வேலை போய், கரடி பழையபடி தேனெடுக்கப் போனது. அடக்கமுத்து சப்கோர்ட்டுக்குப் போனார், பிறகு ஜில்லா கோர்ட்டு, கடைசியில் மலைக்கு இந்தப் பக்கத்துக் காடுகளுக்கெல்லாம் வட்டாரத் தலைமை நீதிபதி.

நீதிபதி விலகினால் வழக்கு மேல்கோர்ட்டுக்குப் போகும் என்பது அந்தக் காட்டுச் சட்டம். சீரங்காயி மூச்சிரைக்க மேல்கோர்ட்டுக்கு ஏறுவாள். பதவி உயர்ந்து அங்கே அவரே உட்கார்ந்திருப்பார்.

மழைக்கு மழை புதரடியில் குட்டி போட்டாள். ஒரு ஈத்துக் குட்டிகளை ஓடை வெள்ளம் கொண்டுபோனது. இன்னொரு ஈத்தைக் காட்டுப்பூனை கொண்டுபோனது.

பக்கத்துப் புற்றுக் கீரிப்பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. "ஏன் அத்தை, இவ்வளவு முள்ளை வெச்சுக்கிட்டுக் கோர்ட்டு வாசல்ல நிக்கிறியே, வெக்கமா இல்ல?"

"சும்மா இருடி. சட்டத்தைக் கையில எடுக்கக்கூடாது."

"கையில ஏன் எடுக்கறே? முதுகுலதானே இருக்கு!"

தலைமை நீதிபதி ஓய்வுபெறும் நாளும் வந்தது. கோர்ட்டு நிறைய மாலை. சீரங்காயி மறுபடி நிறைவயிற்றோடு நின்றாள். மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

"சாமி, நீங்க ரெண்டு பேரும் தண்ணி குடிச்ச குளமே தூர்ந்துபோச்சு. இப்பவாச்சும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

அடக்கமுத்துவின் கண் கலங்கியது. "குளம் கிடக்கட்டும் அம்மா. இத்தனை வருஷமாக உன்னைப் பார்க்கிறேன். உன் குரலைக் கேட்டாலே வீட்டு மனுஷி வந்த மாதிரி இருக்கிறது. இவ்வளவு வேண்டப்பட்டவள் வழக்கை நான் எப்படி விசாரிப்பேன்? விலகுகிறேன்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

சீரங்காயி கும்பிட்டாள். நேரே வளைக்குப் போனாள். திரும்பி நின்று, முள்ளையெல்லாம் சிலிர்த்து, கலகலவென்று பின்பக்கமாகவே உள்ளே நுழைந்தாள். உடும்புப் பிடி என்பார்கள். பிடிக்கிற இடமெல்லாம் முள்ளாக இருந்தால் உடும்புதான் என்ன செய்யும்? இன்னொரு துவாரம் வழியாக வெளியே விழுந்தது.

மூக்கில் ஒரு முள்ளோடு கோர்ட்டுக்கு ஓடியது. அங்கே கொக்கு இன்னும் புகழ்ந்துகொண்டிருந்தது.

"சாமி! ரவுடித்தனம்! சட்டத்தைக் கையில எடுத்துட்டா! காலி பண்ணச் சொல்லுங்க!"

அடக்கமுத்து மாலைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "உன்னையும் தெரியும். அவளையும் தெரியும்," என்று சொல்லிவிட்டு ஓட்டுக்குள் போய்விட்டார்.

உடும்பு ஆட்காட்டியின் பக்கம் திரும்பியது. "அண்ணே, இப்ப நான் என்ன பண்றது?"

"என்ன பண்ணுவ? கேஸு போடு. கீழே முன்சீப்பு கோர்ட்டுல இருந்து ஆரம்பி."

"அங்க இப்ப யாரு?"

"ஐயாவோட மூத்த பையன். அப்பாவை மாதிரியே ரொம்ப நேர்மை."

மழை பிடித்துக்கொண்டது. கூட்டம் கலைந்தது. அடக்கமுத்துவும் கால்களை வெளியே விட்டு, மாலையை இழுத்துக்கொண்டு கிளம்பினார். உடும்பு மட்டும் பொழுது சாயும்வரை நனைந்தபடி நின்றது. வளைப்பக்கமிருந்து குட்டிகளின் கீச்சுக் குரல் கேட்டது. மூக்கைத் தடவிக்கொண்டே, படுக்க ஒரு புதரைத் தேடி அதுவும் நடந்தது.

நீதி: நியாயம் கேட்பவருக்கு வாசலில்தான் இடம். ஆகவே முதலில் உள்ளே போய் உட்கார்ந்துகொள். நியாயத்தை எதிராளி கேட்கட்டும்.