கர்சரைத் துரத்திய சிசிடிவி அண்ணன்

நாமக்கல் பக்கம் ஒரு கோழி கொஞ்சம் சீக்கிரம் கூவிவிட்டால்கூட, "யாரு சொல்லிக் கூவுது?" என்று விசாரிக்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் சிசிடிவி அண்ணன்தான். அவருடைய சொந்தப் பெயரை ஆபீஸில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

நான் ஆத்தூரிலிருந்து ஃபேர்லேண்ட்ஸில் இருந்த அந்த ஆபீஸுக்கு வேலைக்குப் போனபோது, அவர்தான் மூத்த டிசைனர். அதற்கு முன் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி கம்பெனியில் டீசல் திருடர்களைப் பிடித்துக்கொண்டிருந்தவர். எங்கள் வேலையோ செயலிகளுக்கு ஒயர்ஃபிரேம் போடுவது. பொத்தான் எங்கே, படம் எங்கே என்று வெறும் கட்டங்களாக வரைந்து காட்ட வேண்டும். நாலு பேர் நாலு கணினியிலிருந்து ஒரே பக்கத்தில் ஒரே நேரத்தில் வரையலாம். ஒவ்வொருவர் கர்சரும், அதாவது மவுஸ் அம்பும், அவரவர் பெயரைச் சுமந்துகொண்டு திரையில் ஓடும். டீசல் திருடர்களைப் பிடித்தவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

"ஏனுங்க அம்மிணி, என்ற கட்டத்துக்கிட்ட உங்களுக்கு என்னங்க சோலி?"

"சும்மா பாத்தேன் சார்."

"சும்மா பாக்கறவங்க எதுக்குங்க மூணு தடவ சுத்தி வாரீங்க?"

இத்தனைக்கும் அவர் பக்கத்து நாற்காலிதான். ஃபைலைத் திறக்கிறவர்கள் "உள்ள வாரேனுங்க" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று ஒரு சட்டம் வேறு போட்டிருந்தார். கொஞ்ச நாளில் டீ கொண்டுவருகிறவர்கூட வாசலில் நின்று அதையே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அதெல்லாம்கூடப் பரவாயில்லை. நடுவில் போலிப் பக்கங்களைப் போட்டுவிட்டு, நிஜமான வேலையை ஃபைலின் ஒரு கோடியில் 'பழைய குப்பை' என்று பெயர் வைத்து ஒளித்துவிடுவார். திருடுகிறவன் குப்பையைத் தொட மாட்டானாம். இந்த ரகசியம் முதலாளிக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும். எனக்கு எப்படிச் சொல்வார், நான்தானே முதல் சந்தேகம்!

எருமப்பட்டிக் கோழிப்பண்ணைக்காரர் ஒருவருக்கு முட்டை ஆர்டர் எடுக்கும் செயலி செய்துகொண்டிருந்தோம். என் மூன்று மாதச் சோதனைக் காலத்தின் கடைசி வாரம் அது. வாடிக்கையாளர் முன்னால் மானத்தை வாங்குகிறவர் மறுநாள் வர வேண்டாம் என்று முதலாளி முதல் நாளே சொல்லியிருந்தார். அன்றைக்குப் பண்ணைக்காரர், முதலாளி அனுப்பும் லிங்க் வழியாகத் தன் போனிலேயே ஃபைலைத் திறந்து பார்ப்பதாக ஏற்பாடு. ஃபைலைக் கொஞ்சம் சுத்தம் செய்யச் சொன்னார்கள். நான் தேடிப்பிடித்து 'பழைய குப்பை'யை மொத்தமாக அழித்தேன். ரொம்பப் பெருமையாக இருந்தது.

முதலாளியின் போன் அலறியது. ஸ்பீக்கரில் பண்ணைக்காரர்.

"ஏனுங்க, முட்டைப் பக்கத்தப் பாத்துட்டே இருந்தனுங்க. கண்ணு முன்னாலயே காணாமப் போயிருச்சுங்களே!"

நான் அழித்த குப்பைதான் அந்த முட்டைப் பக்கம்! அந்த மென்பொருளில் பழைய நிலைகள் எல்லாம் பத்திரமாக இருக்கும், யார் எப்போது மாற்றினார்கள் என்ற பெயரோடு. சிசிடிவி அண்ணன் அதைத் திறந்து இரண்டே நிமிடத்தில் முட்டைகளை மீட்டுவிட்டார்.

"யாரு பண்ணுன வேல இது?" என்று முதலாளி அவர் தலைக்குப் பின்னால் வந்து நின்றார்.

மூன்று மாதமாக அவர் தேடிக்கொண்டிருந்த ஆதாரம் திரையில் இருந்தது. என் பெயரைப் படித்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். முதலாளி குனிவதற்குள் அந்தப் பட்டியலை மூடினார்.

"சரியாத் தெரியலீங்க. என்ற கையே பட்டிருக்குமோன்னு எனக்குச் சந்தேகமா இருக்குதுங்க."

மூத்த டிசைனரையே என்ன செய்வது? முதலாளி முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். எனக்கு வேலை நிலைத்தது.

சிசிடிவி அண்ணனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நேரில் சொன்னால் "எதுக்குங்க அம்மிணி, இப்பச் சொல்றீங்க?" என்று விசாரணையை ஆரம்பித்துவிடுவார். அதனால்தான் இங்கே சொல்கிறேன்.