பார்க்கிற மாதிரி ஆட்டம்

"ஜெயிச்சது சரி மேடம். யார் முன்னாடி ஜெயிச்சீங்க?" என்றார் மஞ்சுநாத்.

லவினா பார்வையாளர் காலரியைப் பார்த்தாள். பதினான்கு பேர். அதில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

பெண்கள் தொழில்முறை கூடைப்பந்து லீக்கில் கோலார் தங்க வயல் அணிக்கு அவள்தான் கோச். மஞ்சுநாத் மேனேஜர். சீசன் முடிவதற்குள் பாலகாட் மைதானத்தில் கூட்டம் சேராவிட்டால் அணியை மைசூருக்கு மாற்றிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

"பால் கைக்குக் கை போய்க்கினே இருக்குது. லாரியில செங்கல் ஏத்தற மாதிரி! த்ரில் வேணும் மேடம். தூரத்துலருந்து அடிக்கச் சொல்லுங்க."

அந்தக் கைக்குக் கை ஆட்டம் நளினியுடையது. திரும்பிப் பார்க்காமலே பந்தைத் தோழியின் கையில் வைத்துவிடுவாள். அணி ஜெயித்ததெல்லாம் அவளால்தான்.

ஆனாலும் லவினா தூரத்திலிருந்து அடிக்கச் சொன்னாள். பந்து வளையத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் பட்டது. தோல்வி. ஒன்பது பேர் பார்த்தார்கள்.

"ஸ்டைல் இல்ல மேடம்," என்றார் மஞ்சுநாத். "ஷில்பாவ எறக்குங்க."

ஷில்பா முதுகுக்குப் பின்னால் பந்தைத் தட்டுவாள், காலுக்கிடையில் விடுவாள், சுற்றிச் சுழல்வாள். பந்தை மட்டும் யாருக்கும் தரமாட்டாள். நளினி பெஞ்சில் உட்கார்ந்தாள். அடுத்த ஆட்டத்தில் ஷில்பா சுழன்ற வேகத்தில் பந்து பறந்து நடுவரின் மூக்கை உடைத்தது. மற்ற பெண்கள் ஷில்பாவிடம் பேசுவதை நிறுத்தினார்கள். காலரியில் ஆறு பேர். அதில் இரண்டு பேர் ஷில்பாவின் அப்பா, அம்மா.

கடைசி ஆட்டம் மழையால் இரண்டு நாள் தள்ளிப்போனது. லவினா மைதானத்துக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டாள். காலரியில் உட்கார இடமில்லை. சுவரின் மேலும் ஆட்கள். ஷில்பா சுழன்றபோதெல்லாம் விசில் பறந்தது. அணி பத்தொன்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

"பாத்தீங்களா? இதான் ஆட்டம்!" மஞ்சுநாத்துக்குத் தலைகால் புரியவில்லை. "டீம் இங்கயேதான் இருக்கும், முதலாளி சொல்லிட்டார். அந்த நளினிய மட்டும் அனுப்பிடலாம். இங்க ஒரு சைன் போடுங்க."

ஜனம் சொல்லிவிட்டது, இனி தான் சொல்ல என்ன இருக்கிறது என்று லவினாவுக்குத் தோன்றியது. கையெழுத்துப் போட்டாள்.

நளினி ஜெர்சியை மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அக்கா, நான் நல்லாத்தானே ஆடினேன்?"

"நல்லாத்தான் ஆடினே நளினி. பாக்கற மாதிரி ஆடல."

நளினி தலையாட்டினாள். அழவில்லை. பையை மாட்டிக்கொண்டு பங்காருபேட்டை பஸ்ஸில் ஏறிவிட்டாள். அழுதிருந்தால் தேவலை என்றிருந்தது லவினாவுக்கு.

வாசலில் டிக்கெட் கிழிக்கும் பியாட்ரிஸ் அம்மா கிழித்த துண்டுகளைக் கோணியில் அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா? நாங்க ஆட்டத்த மாத்தினதும் ஊரே வந்துடுச்சு," என்றாள் லவினா, தனக்கே சொல்லிக்கொள்வது போல.

பியாட்ரிஸ் அம்மா நிமிர்ந்தாள்.

"ஆட்டமா? இன்னா கண்ணு நீ, வாராவாரம் வெள்ளிக்கெழம நாலு மணிக்கு வெச்சா பெங்களூர் வேலைக்குப் போன ஜனம் எப்பிடி வரும், இன்னிக்கித்தானே ஞாயித்துக்கெழமையில வெச்சீங்க!"