ஆப்பச் சோடாவும் ஏழரைச் சுற்றும்

திருப்பூரில் லட்சம் பேர் ரசம் சாப்பிட்டிருப்பார்கள். அதற்குப் பி.எச். பார்த்துவிட்டுச் சாப்பிட்ட ஒரே மனிதர் எங்கள் பி.எச். மாஸ்டர்தான். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் காகிதத் துண்டை எடுத்து ரசத்தில் நனைப்பார். காகிதம் நிறம் மாறும். "நாலுங்க" என்று பக்கத்து இலைக்காரருக்கு அறிவித்துவிட்டு நிம்மதியாகச் சோற்றில் ஊற்றிக்கொள்வார். பக்கத்து இலைக்காரர் அதன்பிறகு மோருக்குப் போய்விடுவார்.

அவர் ஒரு சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர். தண்ணீரில் அமிலம் எவ்வளவு, காரம் எவ்வளவு என்று பி.எச். நம்பரில் காட்டிக்கொடுக்கும் காகிதம் அது. மற்ற மாஸ்டர்கள் அதைப் பட்டறையிலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. டீ, இளநீர், கொசு மருந்து எல்லாவற்றுக்கும் நம்பர் சொல்வார். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். நாங்கள் பார்த்ததில்லை.

இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் நல்லூரில் அவர் வீட்டுக்குப் பின்னாலிருந்த லைன் வீட்டில் நானும் இசக்கியும் குடியிருந்தோம். இசக்கி திருநெல்வேலிக்காரன். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். ஆனால் அவன் மனசு காக்கிச் சட்டையில் இருந்தது. போலீஸ் தேர்வில் எழுத்துப் பரீட்சையை இரண்டு தடவை பாஸ் செய்து, இரண்டு தடவையும் ஓட்டத்தில் கோட்டை விட்டவன். ஆயிரத்தைந்நூறு மீட்டரை ஏழு நிமிஷத்துக்குள் ஓட வேண்டும். இவனுக்கு ஏழு நிமிஷம் ஒன்பது விநாடி ஆனது. அடுத்த தேர்வோடு வயசு தாண்டிவிடும். இதற்கிடையில் அவனுடைய அப்பா, பையன் போலீஸ் ஆகிவிட்டான் என்று ஊரில் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டார். டீக்கடையில் அவருக்கு 'ஏட்டையா அப்பா' என்று பெயரே வந்துவிட்டது. அதனால் இசக்கி இரண்டு பொங்கலாக ஊருக்கே போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூல் கிரவுண்டில் ஓடிவிட்டு வந்து வாசலில் மல்லாந்து கிடந்தான். மாஸ்டர் குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, காலு எப்படி இருக்குது?"

"கல்லு மாதிரி இறுகுது அண்ணாச்சி. உள்ள எரியுது."

"அது ஆசிடுங்க" என்றார் மாஸ்டர். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. "பட்டறையில ஆசிட் ஜாஸ்தியானா சோடாவ விட்டுச் சரி பண்றோம். துணிக்கு ஒரு நியாயம், மனுசனுக்கு ஒரு நியாயமாங்க?"

மறுநாள் பிரவுசிங் சென்டருக்குப் போய் உட்கார்ந்தார். ஓட்டக்காரர்களுக்கு ஆப்பச் சோடா கொடுத்தால் என்ன ஆகும் என்று வெளிநாட்டில் எப்போதோ ஆராய்ந்து வைத்திருந்தார்கள். "முந்திட்டானுங்க" என்று ஒரு நாள் முழுக்க வருத்தப்பட்டார். பிறகு கட்டுக் கட்டாகப் பிரிண்ட் எடுத்து வந்து என் மடியில் போட்டார். நான் எக்ஸ்போர்ட் ஆபீசில் வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் அடிக்கிறவன். 'சரக்கு தாமதமானதற்கு வருந்துகிறோம்' என்பதைப் பதினாலு விதமாக எழுதத் தெரியும். அந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டுதான் ஊட்டச்சத்து ஆராய்ச்சியை மொழிபெயர்த்தேன். எல்லாக் கட்டுரையும் 'மேலும் ஆராய்ச்சி தேவை' என்று முடிந்தது. மாஸ்டர் அதைத் தனக்கு வந்த அழைப்பாகவே எடுத்துக்கொண்டார்.

முதலில் தண்ணீர். ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் என்பது பட்டறைக் கணக்கு. இசக்கியின் எடை அறுபது கிலோ. நானூற்று எண்பது லிட்டர் என்று நோட்டில் எழுதி, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதைக் கொஞ்சம் குறைக்கலாமுங்க" என்றார்.

அடுத்து புரோட்டீன் பவுடர். இசக்கி ஜிம் வைத்திருக்கும் ஒருவரிடம் ஒரு டப்பா வாங்கி வந்தான். டப்பாவின் மேல் ஒரு வெள்ளைக்காரர் தோளில் தலை முளைத்தாற்போல நின்றார். மாஸ்டர் ஒரு கரண்டி பவுடரை எடுத்தார். வாயில் போடுவார் என்று நினைத்தோம். தீக்குச்சியைக் கிழித்துக் கொளுத்தினார். மூக்கைக் கிட்டே கொண்டுபோனார்.

"கம்பளி, பட்டு எல்லாம் புரோட்டீனுங்க. எரிச்சா முடி கருகற வாசம் வரோணும். இது காயிதம் எரியற வாசமுங்க." டப்பாவை மூடி இசக்கியிடமே கொடுத்தார். "இது காட்டனுங்க தம்பி."

அதாவது பாதிக்கு மேல் மாவு. இசக்கி அதைத் திருப்பிக் கொடுக்கப் போய், ஜிம்காரரின் தோளைப் பார்த்துவிட்டு டப்பாவோடு திரும்பி வந்தான். ஒரு மாதம் அதில் தோசை சுட்டோம். குறை சொல்லக் கூடாது, தோசை நன்றாகவே வந்தது.

பிறகு பீட்ரூட் சாறு. அது ரத்தக் குழாயை விரிக்கிறது என்று அப்போதுதான் புதிதாக எழுத ஆரம்பித்திருந்தார்கள். குடித்த மறுநாள் காலையில் பாத்ரூமிலிருந்து இசக்கி அலறிய அலறல் தெருமுனை வரை கேட்டது.

"அண்ணாச்சி! ரத்தமா போகுது! நான் செத்தேன்!"

மாஸ்டர் பதறவே இல்லை. "சாயம் நிக்காத கலருங்க அது. ரெண்டு வாஷ்ல போயிரும்" என்று வெளியிலிருந்தே தீர்ப்புச் சொன்னார்.

மாஸ்டருக்கு ஒரு கொள்கை உண்டு. எதுவும் முதலில் சேம்பிள், அப்புறம்தான் பல்க். எதையும் தன் மேல் பரிசோதிக்காமல் இசக்கிக்குக் கொடுக்க மாட்டார். நாற்பத்தைந்து வயசு, நல்ல தொப்பை, பேன்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு கிரவுண்டில் இறங்கிவிடுவார். ஸ்டாப்வாட்ச் என் கையில். அது சின்ன கிரவுண்டு. ஆயிரத்தைந்நூறு மீட்டருக்கு ஏழரைச் சுற்று வரும். ஏழரை என்றதும் இசக்கிக்கு முகம் செத்துவிட்டது. "எட்டாவே ஓடிக்கிடுதேன் அண்ணாச்சி" என்று கெஞ்சினான். அளவு மாறக் கூடாது என்று மாஸ்டர் மறுத்துவிட்டார்.

ஆப்பச் சோடா கரைத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு அன்றைக்கு மாஸ்டர் ஓடினார். மூன்றாவது சுற்றில் திடீரென்று பாதையை விட்டு விலகி, ஸ்கூல் கக்கூஸை நோக்கிப் பறந்தார். அவர் வாழ்நாளிலேயே அதிவேகமாக ஓடியது அந்த நாற்பது மீட்டர்தான். கால் மணி கழித்து வெளியே வந்து நோட்டைக் கேட்டு வாங்கினார்.

"சோடா தப்பில்லீங்க. நாமதான் தப்பு. மெசின்ல உப்பைக்கூட ஒரேயடியாக் கொட்ட மாட்டோம். கொஞ்சங் கொஞ்சமா விடோணும். கொட்டினா துணி திட்டுத் திட்டா ஆயிரும். வயிறும் அப்படித்தானுங்க."

அன்றிலிருந்து சோடா மூன்று பொட்டலமானது. முக்கால் மணிக்கு ஒன்று. மாஸ்டர் வயிறு தாங்கியது, பிறகு இசக்கி வயிறும் தாங்கியது. ஏழு ஐந்து, ஏழு மூன்று என்று நேரம் இறங்கியது. ஏழுக்குக் கீழே மட்டும் வருவேனா என்றது.

எழுத்துப் பரீட்சையை மூன்றாம் தடவையும் பாஸ் செய்துவிட்டான். ஓட்டம் கோயமுத்தூரில். மூன்று பேரும் முதல் பஸ்ஸில் போனோம். நம்பர் போட்ட பொட்டலங்களை மாஸ்டர் வாட்சைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார். எங்களைக் கம்பி வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். இசக்கி ஓட ஆரம்பித்ததும் மாஸ்டர் வேலிக்கு வெளியே கூடவே ஓடினார். ஒரு காவலர் பிடித்து நிறுத்தும்வரை ஓடினார்.

ஆறு நிமிஷம் ஐம்பத்திரண்டு விநாடி.

இசக்கி மண்ணில் விழுந்து அழுதான். எழுந்து வந்து வேலி வழியாக என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "எங்க அப்பா இனிமே பொய் சொல்லலைலே, பொய் சொல்லலை" என்றான். நானும் அழுதேன். மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டைத் திறந்தார்.

"ரொம்ப சந்தோசமுங்க தம்பி. நம்ம சோடா தவுத்து வேற ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

"நேத்து பீட்ரூட் குடிச்சேன் அண்ணாச்சி. காலைல ரெண்டு கிளாஸ் கட்டங்காப்பி. இவன் குளுக்கோஸ் கொடுத்தான். அவிநாசி கோயில் திருநீறு கொஞ்சம் வாயில போட்டேன்."

மாஸ்டரின் பேனா அப்படியே நின்றது.

"அஞ்சு அயிட்டத்தை ஒண்ணாப் போட்டுட்டு, கலர் எதுல வந்துச்சுன்னு நான் எப்படிங்க எழுதறது?"

திருப்பூர் பஸ்ஸில் ஏறும்போது நோட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டார். எட்டு மாத உழைப்பு. இசக்கி இனிப்பு வாங்கிப் பஸ் முழுக்கக் கொடுத்தான். மாஸ்டர் ஒரு லட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தபடியே வந்தார். இழவு வீட்டுக்குப் போகிறவர் என்று நினைத்து ஒரு அம்மா அவருக்கு உட்கார இடம் கொடுத்தார்.

ஒன்றரை வருஷம் கழித்து இசக்கி லீவில் வந்தான். மாஸ்டருக்கு வேட்டி, அவர் வீட்டம்மாவுக்குப் புடவை. இரண்டையும் வாங்கி வைத்துவிட்டு மாஸ்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தம்பி தப்பா நினைக்கக் கூடாது. ஒரே ஒரு தடவை, ஒண்ணுமே சாப்பிடாம ஓடிக் காட்டுவீங்களா? போலீஸ் டிரெயினிங்னால வேகமாத்தான் ஓடுவீங்க. அதை நான் கழிச்சுக்கறனுங்க."

கிரவுண்டுக்குப் போனோம். போலீஸ் டிரெயினிங்கில் இசக்கி உடம்பு கயிறு போல முறுக்கியிருந்தது. ஆறு நிமிஷமே அவனுக்கு அதிகம். ஆனால் மூன்றாவது சுற்றிலேயே இடுப்பில் கை வைத்தான். ஐந்தாவதில் நொண்டினான். கடைசிச் சுற்றில், நாய் துரத்தினாலும் அதற்கு மேல் வேகமாகப் போக முடியாதவன்போல வந்தான். சோடா இல்லாமல் தன்னால் முடியாது என்று காட்டுகிறான் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. நான் மட்டும் என்ன, கல் நெஞ்சக்காரனா? அவன் கோட்டைத் தாண்டி நின்று, மூச்சு விட்டு, முகம் துடைத்த பிறகுதான் பட்டனை அமுக்கினேன். எட்டு நிமிஷம் இருபது விநாடி.

மாஸ்டர் எழுதினார். கூட்டினார், கழித்தார். நிமிர்ந்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சோடாவுக்கு இவ்வளவு பவர் கிடையாதுங்க. ஒண்ணு வாட்ச்சுல கோளாறு, இல்லைன்னா கால்ல கோளாறு. மறுபடி ஓடோணுமுங்க."

இசக்கி என்னைப் பார்த்தான். நான் வாட்சைப் பார்த்தேன். சட்டம் ஒழுங்கைக் காக்கும் அந்தக் காவலர் ஷூ லேஸை இறுக்கிக்கொண்டு இரண்டாம் தடவையாக ஏழரைச் சுற்றுக்குக் கிளம்பினார். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவன் நான். அன்றைக்கு அந்த மனிதர் என்னைப் பார்த்து "நீங்களும் ஓடுங்க" என்று சொல்லியிருந்தால், ஏன் எதற்கு என்று கேட்காமல் ஓடியிருப்பேன்.